தையல் கடையில் கேட்ட பஞ்சாயத்துச் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். பிழைப்பு பஸ் ஸ்டாப் பக்கத்துத் தையல் கடை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையோடு பஞ்சாயத்து விஷயம் ஒன்றைக் கேட்காமல் போவதில்லை. அவர்கள் கேட்டதையே கேட்க, நான் சொன்னதையே சொல்ல, கடைசி வருஷமான 2024-இல் பில் புத்தகத்தின் பின்பக்கம் கேள்விகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். 'சட்டம்' என்று நான் சொல்வது 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை. எழுதுவது 2025 பிப்ரவரியில், அதனால் கூலி, மானியத் தொகை, 'இப்போது' என்று நான் சொல்வது எல்லாம் இந்தத் தேதிக் கணக்கு.

"பஞ்சாயத்து ஆபீசு, யூனியன் ஆபீசு, விஏஓ ஆபீசு மூணும் ஒண்ணுதானக்கா?"

மூன்றும் வேறு வேறு. பஞ்சாயத்து ஆபீஸ் என்றால் கிராம ஊராட்சி, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உட்காருகிற இடம். குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை, வாய்க்கால், ஊருக்குள் இருக்கிற ரோடு, சுடுகாடு இதெல்லாம் அங்கே. யூனியன் என்பது பல ஊராட்சிகள் சேர்ந்த ஊராட்சி ஒன்றியம். வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவும் எஸ்டிமேட் போடுகிற ஓவர்சியரும் இருப்பது அங்கேதான்.

விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், வருவாய்த் துறை ஆள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் பக்கம், வீட்டில் நடந்த பிறப்பு இறப்பைப் பதிவதும் அவர்தான். பட்டா மாறுதலுக்காக ஐந்து வருஷத்தில் என்னிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கே இல்லை, அதில் நான் செய்ய முடிந்தது விஏஓ எந்தக் கிழமை இருப்பார் என்று சொன்னது மட்டும்தான். ரேஷன் கடையும் நம்முடையது இல்லை. ஊரை ஒட்டிப் போகிற பஸ் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதில் பள்ளம் என்றால் தலைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

"மெம்பருன்னா மாசம் எவ்வளவு வரும்?"

சம்பளமே கிடையாது. கூட்டத்துக்குப் போனால் அமர்வுப்படி என்று சின்னத் தொகை ஒன்று உண்டு, அவ்வளவுதான். அந்த நாளில் கடையைத் திறந்திருந்தால் ரெண்டு ஜாக்கெட் தைத்திருப்பேன். 'அப்ப எதுக்கு இத்தனை செலவு பண்ணி நிக்கிறாங்க' என்பது அடுத்த கேள்வியாக வரும். அதை நின்றவர்களிடம் கேளுங்கள், என் செலவு நோட்டீஸ் அடித்ததோடு முடிந்தது.

"ஓட்டுப் போட்டப்ப நாலு கலர்ல சீட்டுக் குடுத்தாங்களே, எது யாருக்கு?"

2019 டிசம்பரில் நமக்கு நாலு ஓட்டு. வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் ரெண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, கட்டில், ஆட்டோ ரிக்ஷா மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். கட்சி இல்லை என்பது காகிதத்தில்தான், யார் யார் ஆள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். துணைத் தலைவருக்கு மட்டும் நீங்கள் ஓட்டுப் போட முடியாது. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் முக்கியமான ஆள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

"கிராம சபைக்கு எங்க வீட்டுல அவரு போறாரே, நான் வேற வரணுமா?"

வரணும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். வீட்டுக்கு ஒருவர் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. முன்பு வருஷத்துக்கு நாலு கூட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிறகு தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி தினம் என்று நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஆனால் 2024-இல் ஆறும் நடக்கவில்லை. மக்களவைத் தேர்தல் நடத்தை விதி என்று மார்ச்சும் மேயும் போச்சு, நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாள் என்பதால் 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். ஆக நாலுதான்.

குறைந்தபட்சம் இத்தனை பேர் வரணும் என்று கோரம் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நமக்கு 100. ஆகஸ்ட் 15-ஆம் தேதி பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தால் அறுபத்து சொச்சம் தலைதான். நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பெரும்பாலும் கோரம் சேரும். அவர்களும் வெயில் ஏறுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள், குறை சொல்லவும் முடியாது, பந்தல்கூடப் போடுவதில்லை.

"அதான் ஊர்க் கூட்டத்துல பேசி முடிச்சாச்சே, அப்புறம் கிராம சபை எதுக்கு?"

இது பெரிய மனுஷர்கள் கேட்கிற கேள்வி. ஊர்க் கூட்டம் கோயில் வாசலில் கூடும், தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு ஆம்பளை வருவார், அம்பலக்காரர் என்கிற ஊர்ப் பெரியவர் பேசுவார், திருவிழா தேதி, சாமி கும்பிடு, வரி எவ்வளவு என்று முடிவாகும். அது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, எனக்கு அதில் வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பொம்பளைக்கு இடம் இல்லை, காலனி ஆட்களுக்கும் இடம் இல்லை. அங்கே எடுக்கிற முடிவுக்கு அரசாங்கத்தில் எந்த மதிப்பும் இல்லை. ஊர்க் கூட்டத்தில் 'தெக்குத் தெருவுக்குப் பைப்பு வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அது அவர்கள் பேச்சு, கிராம சபையில் 'வேண்டும்' என்று எழுதினால் அது தீர்மானம். 2022-இல் இப்படியே ஒன்று நடந்தது, பைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு மூணு மாசம் என் கடைக்கு ரெண்டு தெரு ஆட்கள் துணி கொடுக்கவில்லை.

"தலைக்கட்டு வரி கட்டிட்டேன்க்கா, வீட்டு வரியும் கேக்குறாங்க, ரெண்டு வரியா?"

தலைக்கட்டு வரி கோயிலுக்கு, மேலே சொன்ன ஊர்க் கூட்டம் போடுவது. அதற்கும் பஞ்சாயத்துக்கும் சம்பந்தமே இல்லை, கட்டாவிட்டால் ஊர் பேசுமே தவிர சட்டம் பேசாது. வீட்டு வரி பஞ்சாயத்துக்கு. வீட்டின் பரப்பையும் கூரையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் பார்த்துப் போடுவார்கள், அரை வருஷத்துக்கு ஒரு தவணை. அதோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேரும். நம்ம ஊர் நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை வருவது அதனால்தான், கேளுங்கள்.

குழாய்க் கட்டணம் தனி. வரியை இப்போது ஆன்லைனிலும் கட்டலாம், இல்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். 'பெறவு தர்றேன்' என்று சொன்ன ரசீது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

"கோடி கோடியா வருதாமே, எங்க போகுது?"

நம்ம அளவு ஊராட்சிக்குக் கோடி எல்லாம் வராது. சொந்த வரி கொஞ்சம், அப்புறம் மாநில நிதிக் குழு மானியம், மத்திய நிதிக் குழு மானியம், பத்திரப் பதிவில் வருகிற கூடுதல் தீர்வையில் பங்கு. இதில் மத்திய மானியத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். 15-ஆவது நிதிக் குழுப் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். 'பணம் இருக்குல்ல, பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை போடு' என்று கேட்பவர்களுக்கு இது புரிவதில்லை, எனக்கும் முதல் ரெண்டு வருஷம் புரியவில்லை. வருகிற மாநில மானியத்தில் கரண்ட் பில், கூட்டுக் குடிநீருக்கு வாரியத்துக்குக் கட்டுகிற காசு, டேங்க் ஆபரேட்டர் சம்பளம் இதெல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

எங்கே போகுது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. கிராம சபையில் படிவம் 30 என்று வரவு செலவுக் கணக்கை ப்ளெக்ஸ் அடித்துத் தொங்கவிடுவார்கள். எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், மைக் செட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். போனில் போட்டோ எடுத்து வீட்டில் வந்து பெரிதாக்கிப் படியுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள், குடவோலை மட்டும்தான் வாயில் வரும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் நெருங்கின சொந்தக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது என்று அதே கல்லில் வெட்டியிருக்கிறது, அதை ஒருவரும் சொல்லக் காணோம்.

"குழாத் தண்ணியில மருந்து வாடை அடிக்குதே, குடிக்கலாமா?"

குடிக்கலாம், வாடை அடித்தால் சந்தோஷப்படுங்கள். அது குளோரின். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்தாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும், அதைச் சோதிக்கிற சின்னப் பெட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது, ஒரு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மேல்நிலைத் தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவணும். தொட்டித் தூணில் கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அதில் தேதி பழசாக இருந்தால் வந்து சத்தம் போடுங்கள். ஒரு தடவை எங்கள் வார்டுத் தொட்டியில் அடுத்த மாசத் தேதியையும் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், பெயின்ட் மிச்சமாம்.

ஆழ்குழாய் போர்த் தண்ணீர் மட்டும் விடுகிற நாளில் செம்பழுப்பாக வந்தால் அது இரும்பு. அதற்குக் கூட்டுக் குடிநீரில் வருகிற காவிரித் தண்ணீரோடு கலந்து விடச் சொல்லலாம், காவிரி வருகிற நாளில். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கொடுக்கணும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், சுமார் பதினஞ்சு குடம். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கிற தெருவில் கடைசி வீட்டுக்கு மூணு குடம்கூட வராது. அந்த மோட்டார்களை எடுக்கச் சொல்லி நான் போனபோது முதலில் இருந்தது என் மாமியார் வீட்டு மோட்டார்.

"நூறு நாள் வேலைக்கு 319 ரூவான்னாங்க, எனக்கு ஏன் கொறைச்சு வந்துச்சு?"

2024-25-க்கு 319 ரூபாய் என்பது முழு வேலைக்கு. எவ்வளவு மண் வெட்டினீர்கள் என்று ஓவர்சியர் அளந்து, அந்த அளவுக்குத்தான் கூலி. காலையிலும் மதியமும் ஆப்பில் போட்டோ எடுக்கிறார்கள், ரெண்டு போட்டோவிலும் முகம் இல்லை என்றால் அந்த நாள் போச்சு. டவர் இல்லாத கண்மாய்க்குள் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஓடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அவரைத் திட்டாதீர்கள்.

கூலி 15 நாளுக்குள் வரணும் என்பது விதி. இப்போது மாசக்கணக்கில் நிற்கிறது, நம்ம ஊரில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க. ஜனவரியில் முதலமைச்சர் 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதனால் 'செயலர் எடுத்துட்டாரு' என்று கிளப்பிவிடுவது வேண்டாம், பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"அவுகளுக்கு மாடி வீடே இருக்கு, லிஸ்ட்ல பேரும் இருக்கு. என் பேரு ஏன் இல்ல?"

எந்த லிஸ்ட் என்று முதலில் பார்க்கணும். பிரதமர் வீட்டுத் திட்டம் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது, அன்றைக்குக் குடிசையில் இருந்தவர் பிறகு மாடி கட்டியிருப்பார், அன்றைக்கு மாமனார் வீட்டில் சேர்ந்து இருந்தவர் இன்றைக்குத் தனியாகக் குடிசையில் இருப்பார். 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் வேறு. குடிசையில் இருக்கணும், இடத்துக்குப் பட்டா இருக்கணும், 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்ச ரூபாய்.

லிஸ்டைக் கிராம சபையில் படிக்கிறார்கள். படிக்கும்போது அங்கே இருந்து 'இவருக்கு வீடு இருக்கு' என்று எழுந்து சொல்லணும். அதற்கு யாரும் தயார் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் முழிக்கணுமே என்று. கூட்டம் முடிந்து ராத்திரி என் வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். ராத்திரி சொன்னது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

"கண்மாயில மண்ணு அள்ளலாமா? மீன் ஏலப் பணம் யாருக்குப் போகுது?"

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, பழைய பேச்சில் பொதுப்பணித் துறை. அதற்குக் குறைந்தது ஒன்றியத்துக்கு. ஊரணி நமக்கு. வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம், 2024-இலிருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. அந்தச் சீட்டை வைத்துச் செங்கல் சூளைக்கு டிப்பர் ஓட்டினால் அது திருட்டு.

மீன் விஷயம் சிக்கல். அரசு ஏலத்தில் போன கண்மாய்ப் பணம் அந்தந்த நிர்வாகத்தின் கணக்குக்குப் போகும். ஊர் தானாக ஏலம் விட்டுக் கோயிலில் வைக்கிற பழக்கமும் நம்ம பக்கம் இருக்கிறது, ஆடிட்காரர்கள் கேட்டால் எல்லாரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது மீன்பிடித் திருவிழாதான். தண்ணீர் வற்றுகிற கோடையில் ஊர்ப் பெரியவர் விடிகாலையில் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், அதுவரைக்கும் ஒரு ஆள் காலை நனைக்கக் கூடாது. துண்டு விழுந்ததும் சுற்று வட்டாரமே ஊத்தாவும் கச்சாவும் கொசுவலையுமாக இறங்கும். கெளுத்தி, விரால், கெண்டை. அன்றைக்கு மட்டும் எந்தத் தெரு ஆள் எங்கே இறங்கினான் என்று யாரும் பார்ப்பதில்லை. மத்தியானம் ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம். மறுநாள் கரையில் கிடக்கிற பிளாஸ்டிக் பையைப் பொறுக்குவது தூய்மைக் காவலர்கள். மாசம் 5,000 ரூபாய் சம்பளத்துக்கு.

"திருவிழாவுக்குப் பஞ்சாயத்து ஒரு லட்சம் தரக்கூடாதா?"

கூடாது. கோயில் செலவுக்குப் பஞ்சாயத்து நிதியை எடுக்க வழியில்லை. கூட்டம் வருகிற இடத்துக்குத் தண்ணீர், விளக்கு, பிளீச்சிங் பவுடர், குப்பை அள்ளுவது, இவை செய்யணும், செய்கிறோம். மஞ்சுவிரட்டுக்கு அனுமதியும் எங்கள் கையில் இல்லை, அது ஆட்சியர் அலுவலகம்.

"தலைவரம்மா பேருக்குத்தான, ஆட்சி பண்றது அவுக வீட்டுக்காரருதான?"

2016-இல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆக்கினார்கள், அதன்படி நடந்த முதல் தேர்தல் 2019-இல் நடந்ததுதான். அந்த வழியில்தான் நானும் வந்தேன். பல ஊர்களில் வீட்டுக்காரர் தலைவர் நாற்காலியில் உட்காருவது உண்மை. அவருக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. கிராம சபையில் அவர் பதில் சொன்னால் 'தலைவர் சொல்லட்டும்ணே' என்று ஒருவர் சொன்னால் போதும். முதல் கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் என்னோடு கிளம்பினார், வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பச் சொன்னேன். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

இதைவிட மோசமானது தனித்தொகுதித் தலைவர்களுக்கு நாற்காலி கொடுக்காதது, கொடி ஏற்ற விடாதது. நம்ம பக்கத்து மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடத்த முடியாமல் இருந்தது எதனால் என்று எல்லாருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில்கூடப் பட்டியலினத் தலைவர்கள் கொடி ஏற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. 'இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா' என்று கடையில் வந்து சொல்கிறவர்களிடம் அந்த 2022-ஐ மட்டும் சொல்வேன்.

"துணைத் தலைவரு கையெழுத்துப் போடலைன்னா வேலை நிக்குமாமே?"

நிற்கும். பஞ்சாயத்துப் பணம் வெளியே போகத் தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேர் ஒப்பும் வேணும். ஒருவர் தனியாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, ரெண்டு பேருக்கும் ஆகாது என்றால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நின்று போகும். இழுத்துக்கொண்டே போனால் ஆட்சியர் சட்டத்தின் 203-ஆம் பிரிவை எடுத்து, அந்த ஒப்பு அதிகாரத்தைப் பிடிஓவிடம் மாற்றிவிடலாம். அது நடப்பதற்குள் ரெண்டு மூணு மாசம் ஓடிவிடும்.

"கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போனாங்க, என்ன தீர்மானம்னே தெரியலயேக்கா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். கிராம சபையிலும் சரி, உறுப்பினர் கூட்டத்திலும் சரி, பேசியது எதுவும் கணக்கில்லை, மினிட் புத்தகத்தில் ஏறியதுதான் கணக்கு. புத்தகம் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே சுற்றி வரும், பக்கம் காலியாக இருக்கும், கீழே மட்டும் கையெழுத்து வாங்குவார்கள். 'எழுதிக்கிறேன்மா, லேட்டாகுது' என்பார்கள். 2020-இல் நானும் அப்படிப் போட்டேன். ரெண்டு மாசம் கழித்து வேறு ஒன்றுக்காகப் பழைய பக்கம் புரட்டினால் நான் கேள்விப்படாத ஒரு மோட்டார் ரிப்பேர் பில்லை 'ஏகமனதாக' ஏற்றுக்கொண்டிருக்கிறேன், என் கையெழுத்து அழகாக இருக்கிறது. மோட்டார் ரிப்பேர் ஆனது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதற்கு 'நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டீங்க' என்ற பதில்தான் வந்தது.

அதன்பிறகு என் பழக்கம் இது. எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடம் விட்டிருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்வேன். என் கையெழுத்துக்குக் கீழே தேதி போடுவேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்வேன். 'இந்தம்மா வந்தா சீக்கிரம் முடியாது' என்று பெயர் வந்தது, வரட்டும். நீங்களும் கிராம சபையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை, ஆனால் எழுந்து போகுமுன் தீர்மானங்களை ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

"தீர்மானம் போட்டாலும் நடக்குறதில்லையே?"

நடப்பதும் உண்டு, லேட்டாக. கிழக்குத் தெரு முக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வால்வு தொட்டி ஒன்று மூடி இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் தாண்டித் தாண்டிப் போவார்கள், ஒரு பையன் விழுந்து முழங்காலில் தையல் போட்டார்கள். 2024 ஜனவரி 26-இல் அந்தப் பையனின் அப்பத்தா எழுந்து நன்றாகச் சத்தம் போட்டது, எல்லாரும் கைதட்டினோம், தலைவரும் 'ஆமா ஆமா செஞ்சிருவோம்' என்றார். புத்தகத்தில் ஏறவில்லை. நானும் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போக அவசரத்தில் கவனிக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. அப்புறம் மேலே சொன்னபடி மார்ச்சும் மேயும் கூட்டமே இல்லை. ஆகஸ்ட் 15-இல் அப்பத்தா பேசப் பேச நான் செயலர் பக்கத்தில் நின்று 'கிழக்குத் தெரு வால்வு தொட்டி, மூடி, சுற்றுச்சுவர்' என்று எழுத வைத்தேன். செப்டம்பரில் ஓவர்சியர் வந்து அளந்தார், தீபாவளிக்கு முன்னால் மூடி போட்டாச்சு. ஒன்பது மாசத்தில் கிட்டத்தட்ட ஏழு மாசம் அது எழுதாததால் போனது.

எழுதியும் நடக்கவில்லை என்றால் தீர்மான எண்ணையும் தேதியையும் போட்டுப் பிடிஓவுக்கு மனு, பிறகு திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம். ஊராட்சி மணி என்று போனில் புகார் சொல்ல 155340 எண்ணும் இருக்கிறது. தீர்மான எண்ணும் தேதியும் இல்லாமல் 'ரொம்ப நாளா கேக்குறோம்' என்று எழுதின மனுவுக்கு அங்கே அலமாரியில் தனி இடமே இருக்கும்.

"இப்பதான் மெம்பரே இல்லையே, யார்ட்டக் கேக்க?"

2025 ஜனவரி 5-உடன் நம்ம பதவிக் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, பிடிஓதான் தனி அலுவலர். 2021-இல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் மட்டும் தலைவர்கள் இருக்கிறார்கள். 2016-லிருந்து 2019 வரையும் இதே கதைதான். ஒரு பிடிஓ எத்தனை ஊரைப் பார்ப்பார், சொல்லுங்கள். ஆனால் கிராம சபை கலையவில்லை, அதை யாரும் கலைக்கவும் முடியாது, அதற்குப் பதவிக் காலம் கிடையாது. இந்த ஜனவரி 26-இலும் கூடியது. தலைவர் இல்லாத கூட்டத்தில் புத்தகத்தை வாசிக்கச் சொல்வது முன்னைவிட முக்கியம்.

"காரைக்குடி மாதிரி நம்மளையும் கார்ப்பரேஷன்ல சேத்துட்டா நல்லதுதானே?"

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம் போன்ற பக்கத்து ஊராட்சிகளும் உள்ளே போயின. சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், கிராம சபை போகும், வரி நகரக் கணக்குக்கு மாறும். மனை விலை ஏறும், ரோடும் வரலாம். நிலம் வைத்திருப்பவர் சேரலாம் என்பார், கூலிக்குப் போகிறவர் வேண்டாம் என்பார், ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வேண்டாம் என்பவர்கள் பக்கம்.

"அடுத்த தடவையும் நிப்பீங்களாக்கா?"

வார்டு ஒதுக்கீடு என்னவாக வரும் என்று தெரியாமல் என்ன சொல்ல. இதைக் கேட்டவர் பொங்கலுக்கு முன்னால் கொடுத்த ரெண்டு ஜாக்கெட் தைத்து முடித்துத் தொங்குகிறது, முதலில் அதை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.